எல்ஃபுகளின் ஆயுள் கணக்கு

மார்ச் 5, 2023, ஞாயிறு

இந்த நோட்டு ஆட்டத்துக்கு மட்டும். சொந்தக் கதை எழுதுவதற்கு இல்லை என்று முதல் பக்கத்திலேயே எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பதினோரு வருடமாக ஞாயிறு மதியம் என் வீட்டு மாடியில் நாலு பேர் கூடுகிறோம். நான், என் தம்பி தாணு, கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் ஜெபசிங், என்னிடம் படித்து இப்போது வக்கீலாக இருக்கும் நிலோஃபர். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இருபது முகப் பகடையை உருட்டி ஆடும் கதை ஆட்டம். ஊர், காடு, ராஜா, பூதம் எல்லாவற்றையும் செய்து வைப்பது நான். அதற்குள் நடந்து போவது அவர்கள். பாளையங்கோட்டையில் நரை விழுந்த ஆட்கள் இதை ஆடுகிறார்கள் என்று தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்று தாணு, "அண்ணே, அடுத்த ஆட்டத்துல எனக்கு ஒரு எல்ஃப் வேணும்" என்றான்.

என் உலகத்தில் எல்ஃப் கிடையாது. இங்கிலீஷ் மாயக் கதைகளில் கூர்க்காதும் வில்லும் எண்ணூறு வருட ஆயுளுமாகத் திரியும் அந்த அழகர்களை நான் வேண்டுமென்றேதான் உள்ளே விடவில்லை. மரத்தின் உச்சியில் வீடு கட்டி, கைப்பிடிகூட இல்லாத பாலத்தில் எண்ணூறு வருடம் நடக்கிறவனுக்கு ஒரு நாள் கால் தவறாதா? நூறு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிறவர்கள் சண்டைக்கு எப்படி ஆள் அனுப்புவார்கள்? செத்தவன் இடத்தை யார் நிரப்புவது? நான் புள்ளியியல் வாத்தியார். இத்தனை ஓட்டையோடு ஓர் இனத்தை என் உலகத்தில் குடியேற்ற எனக்கு மனசு வராது.

ஆனால் தாணு கேட்டு நான் இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வயது முப்பத்தேழு. மூன்று வாரம் கொடு, கணக்குக்கு நிற்கக்கூடிய ஓர் எல்ஃப் ஊரைச் செய்து தருகிறேன் என்றேன்.

மார்ச் 7, செவ்வாய்

தாணுவை டயாலிசிஸுக்கு நான் கூட்டிப்போனேன். அவன் மனைவி வடிவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை. நாலு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்ஃபுகளுக்கு ஆயுள் பட்டியல் போட்டேன்.

முதுமை இல்லை, நோய் இல்லை என்றால் மிச்சம் இருப்பது விபத்து மட்டும். வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் விபத்தில் சாகிறார் என்று வைத்தால்கூட எண்ணூறைத் தொடுகிறவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. எனவே இவர்கள் குதிரை ஏற மாட்டார்கள். கடலுக்குப் போக மாட்டார்கள். மரத்தில் நிச்சயமாக வீடு கட்ட மாட்டார்கள். தாழ்ந்த கூரை, தட்டையான தரை, மழுங்கிய கத்தி.

"இதெல்லாம் ஒரு எல்ஃபாண்ணே? ரிட்டயரான தாசில்தார் மாதிரி இருக்காவ" என்று தாணு சிரித்தான். சிரித்தால் தாகம் எடுக்கும், சும்மா இரு என்றேன். அவனுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான். காலையில் வடிவு ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள். காப்பி, குழம்பு, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மார்ச் 11, சனி

ஆட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். தாணுவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முடிந்த நெருங்கிய சொந்தம் நான் ஒருவன்தான். அப்பா அம்மா இல்லை. வடிவுக்குச் சர்க்கரை. நான் கல்யாணம் ஆகாதவன், நாற்பத்து நாலு வயதில் காய்ச்சலுக்குக்கூடப் படுத்தது கிடையாது. பிப்ரவரியில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி ரிப்போர்ட் அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காமல் இப்படியே போனால் அவன் இதயம் தாங்காது என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

மார்ச் 16, வியாழன்

மதுரை போய் ரிப்போர்ட் வாங்கி வந்தேன். கடுமையான வெயில்.

மார்ச் 17, வெள்ளி

எல்ஃப் ஊரின் அடிப்படைச் சட்டம் பிடிபட்டுவிட்டது.

ஊர் நடுவே ஓர் ஆறு. அதில் ஒருவன் விழுகிறான். கரையில் நிற்பவன் குதிக்க வேண்டுமா? மனிதன் என்றால் முப்பது நாற்பது வருடத்தைப் பணயம் வைத்துக் குதிக்கிறான். எல்ஃபுக்கு அறுநூறு எழுநூறு வருடம் கையில் இருக்கிறது. குதிப்பதில் உயிர் போகும் வாய்ப்பு மிகச் சிறியது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கு மூன்று. சிறியதுதான். ஆனால் அந்த மூன்றில் ஒருவனாகப் போனால் அவன் இழப்பது எவ்வளவு! பயிற்சி பெற்றவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டாலும், மயக்கம் கொடுத்தாலும், அந்த மூன்று மூன்றுதான்.

(மயக்கம் கொடுப்பது இங்கே எதற்கு என்று தெரியவில்லை. அடித்துவிட வேண்டும்.)

ஆகவே சட்டம்: ஆற்றில் விழுந்தவரைக் காப்பாற்ற யாரும் குதிக்கக் கூடாது. கரையில் நின்று அவர் பெயரைச் சொல்லிப் பாட வேண்டும். இதில் கொடுமை இல்லை. நெடுங்காலம் வாழ்கிற எந்தச் சமூகமும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும். முதல் தடவையாக எனக்கு எல்ஃபுகள் நம்பும்படியாக இருக்கிறார்கள்.

மார்ச் 18, சனி

தாணு போன் செய்தான். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றேன். "வரும்போது வரட்டும்ண்ணே. நீ அதுக்காக அலையாத" என்றான்.

மார்ச் 22, புதன்

ஆஸ்பத்திரியில் தானம் கொடுப்பவர்களைக் கவனிக்கும் அருள்மொழி மேடம் அழைத்தார். பேச்சோடு பேச்சாக அங்கே ஒரு வழக்கம் இருப்பதைச் சொன்னார். கொடுக்க வந்தவருக்கு மனமில்லை என்றால் மேடத்திடம் தனியாகச் சொன்னால் போதும். வீட்டாரிடம் "தானம் கொடுக்கத் தகுதியில்லை" என்று மட்டும் ஆஸ்பத்திரி சொல்லிவிடும். காரணம் சொல்ல மாட்டார்கள். யார் கேட்டாலும், எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

"யாரையும் கட்டாயப்படுத்தி எடுக்கக் கூடாதுங்கிறதுக்காகத்தான் சார் இப்படி வச்சிருக்கோம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல ஏற்பாடு. நாகரிகமான ஏற்பாடு. நடைமுறை பற்றிச் சில சந்தேகங்கள் கேட்டேன். அவ்வளவுதான் பேசினோம்.

மார்ச் 25, சனி

தகுதியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வடிவு போனில் அழுதாள். எனக்கும் இப்போதுதான் தெரியும் என்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

எல்ஃபோடு முதல் ஆட்டம். தாணு தன் எல்ஃபுக்குத் துழாயன் என்று பெயர் வைத்திருக்கிறான். வயது அறுநூற்றுப் பன்னிரண்டு, வேலை படகு ஓட்டுவது. படகு ஆபத்தானது, எல்ஃபுகள் அந்த வேலைக்கு வர மாட்டார்கள் என்றேன். "யாரோ ஒருத்தன் அக்கரைக்குக் கொண்டு விடணும்லா" என்றான். விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தாணு என் தோளைத் தட்டி, "நீ என்ன செய்வ, பொருந்தலன்னா பொருந்தல. மூஞ்சியத் தொங்கப் போடாத" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு பகடைகளை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். ஜெபசிங் வர மாட்டான், ஆட்டம் இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

இன்று ஆற்றுக் காட்சி.

எண்பது வருடத்தில் அந்த ஊரில் பிறந்த ஒரே குழந்தை ஆற்றில் விழுகிறது. இருநூறு எல்ஃபுகள் கரையில் வந்து நிற்கிறார்கள். பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள். நான் இதை நன்றாகவே நடத்தினேன் என்று நினைக்கிறேன். ஜெபசிங் சிகரெட் பிடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"நான் குதிக்கேன்" என்றான் தாணு.

"சட்டம் இருக்கு. குதிச்சா ஊரை விட்டு விலக்கிருவாங்க."

"விலக்கட்டும்."

பகடை பதினேழு காட்டியது. குழந்தை பிழைத்தது. ஊர்ச்சபை கூடித் துழாயனை விலக்கி வைத்தது. அதோடு நிலோஃபருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், இது ஒரு சட்டமா? எந்தக் கோர்ட்டுல நிக்கும்? இவங்க எல்லாம் வெறும் கோழைங்க சார்."

கோழை இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, ஜெபசிங் என்னையே பார்த்தான். ஆயுள் பட்டியலை எடுத்து விரித்து, பத்தாயிரத்துக்கு மூன்று என்பதை விளக்கினேன். நீண்ட ஆயுள் உள்ளவன் எவனும் குதிக்க மாட்டான், வேறு எப்படி எழுதினாலும் அந்த ஊர் நிற்காது என்றேன்.

தாணு பட்டியலைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி அவன் முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி வீங்கிக் கிடக்கிறது. அதை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை.

"நீ குதிக்கவன் கணக்கத்தான் போட்டிருக்கண்ணே. விழுதவன் கணக்கு எங்க?"

"விழறவன் எப்பவோ ஒருத்தன்."

"எண்ணூறு வருசம்ண்ணே. எப்பவோ ஒருத்தன் எப்படி? எல்லாவனும் ஒரு நா விழத்தான செய்வான். ஒருத்தனும் குதிக்காத ஊருல அறுநூறு வயசுக்காரன் எப்படிண்ணே இருப்பான்? அவன் சின்னதுல விழுந்தப்ப யாரு தூக்குனா?"

நிலோஃபர் கை தட்டினாள். நான் தேநீர் போட உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் வேலை. நாற்பது தாளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாணு சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது தப்பு என்று காட்டிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

வருடத்துக்கு நூறு பேரில் ஒருவர் ஆற்றில் விழுகிறார் என்று வைத்தேன். எல்லாரும் குதிக்கிற ஊரில், விழுந்தவர் பிழைத்துவிடுகிறார். குதித்ததால் சாகிறவர்கள், எண்ணூறு வருடம் முழுக்கச் சேர்த்தாலும், ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் எல்லாரும் வாழ்கிறார்கள்.

யாருமே குதிக்காத ஊரில் எண்ணூறு வயதை எட்டுகிறவர்கள் எத்தனை பேர்? மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் ஒரே விடை.

பத்தாயிரத்துக்கு மூன்று.

என் மாணவன் எவனாவது இப்படி ஒரு பத்தியையே விட்டுவிட்டுப் பட்டியல் போட்டிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். நான் செய்து வைத்த ஊர் இருக்கவே முடியாது. ஆற்றங்கரையில் பாடிக்கொண்டிருந்த அந்த இருநூறு பேரும் எப்போதோ செத்துப்போயிருக்க வேண்டியவர்கள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

தாணுவுக்கு மூச்சு வாங்கியது, அதனால் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம்.

மே 4, வியாழன்

ஒன்றும் எழுதவில்லை.

மே 10, புதன்

மதுரை போனேன். அருள்மொழி மேடத்தின் அறையில் உட்கார்ந்து, இடுப்பில் கத்தி வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம், ஆனாலும் கொடுக்கிறேன் என்றேன். நாற்பத்து நாலு வயது ஆள் ஒரு பெண்பிள்ளை முன்னால் அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

"பயப்படாதவங்க யாரும் இந்த நாற்காலியில உக்காந்தது இல்ல சார். மனசு மாறி வர்றவங்களும் உண்டு. ரெண்டு டெஸ்ட் மட்டும் திரும்ப எடுக்கணும். வீட்டுல நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம், நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

மே 17, புதன்

திரும்ப எடுத்த டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது. உறுப்பு தானக் கமிட்டியின் அனுமதி வாங்கிவிட்டால் ஜூன் கடைசியில் ஆபரேஷன் வைக்கலாம் என்கிறார்கள். போனைக் கீழே வைத்ததும் தாணுவைக் கூப்பிடத்தான் எடுத்தேன். பிறகு வேறொன்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சொல்லலாம்.

விலக்கி வைக்கப்பட்ட துழாயனின் படகு வெள்ளத்தில் கவிழ்கிறது. அவன் மூழ்கும்போது கரையில் பாட்டு நிற்கிறது. ஊர்ச்சபையின் மூத்தவர் முதலில் குதிக்கிறார், பிறகு இருநூறு பேரும். தாணு பகடையே உருட்ட வேண்டாம். அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைப்பேன். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு காட்சியை நான் அமைத்ததில்லை. முதலில் பொய் சொன்னதற்கு இதுதான் சரியான மன்னிப்பு என்று படுகிறது.

மே 18, வியாழன்

தாணுவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். நாலு மணி நேரமும் பக்கத்திலேயே இருந்தேன். எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"என்னண்ணே, தன்னால சிரிக்க? பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?"

"ஞாயித்துக்கிழமை வா, தெரியும்."

"துழாயனச் சேத்துக்கிடுவாவளா?"

"வாடா, தெரியும்."

மே 20, சனி

ஜெபசிங்குக்குச் சாயர்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாம். நாளை வர முடியாது என்கிறான். நிலோஃபர் மட்டும் இருந்தால் போதுமா என்று யோசித்தேன். போதாது. நாலு பேரும் இருக்க வேண்டிய காட்சி அது. அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம்தானே.

மே 21, ஞாயிறு

மதியம் தாணு போன் செய்தான்.

"வெக்க தாங்க முடியலண்ணே. இங்கன கரண்டும் இல்ல. ஆட்டம் இல்லாட்டா என்ன, சும்மா வாரேன், பேசிட்டு இருப்போம்."

வந்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். விடைத்தாள் கிடக்கிறது, இன்னொரு நாள் வா என்றேன்.

"செரி. அப்பம் அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்றான்.

ஆற்றுக் காட்சிக்கு வசனம் எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

மே 23, செவ்வாய்

தாணு நேற்று காலை இறந்துவிட்டான். பல் தேய்க்கப் போனவன் வாசல்படியில் உட்கார்ந்தானாம். வடிவு பால் வாங்கிக்கொண்டு வந்து பார்த்திருக்கிறாள். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் போகிறார்கள் என்றும் சொன்னார். கொள்ளி நான்தான் வைத்தேன்.

மே 26, வெள்ளி

புதன்கிழமையே சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை நாலு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனே கேட்டான்.

மே 29, திங்கள்

அருள்மொழி மேடம் அழைத்தார். கமிட்டித் தேதி சொல்ல அழைத்தவர், விஷயத்தைக் கேட்டு வருத்தம் சொன்னார். பிறகு, "ஃபைலை மூடிடறேன் சார். உங்களைப் பத்தி எதுவும் வெளிய போகாது" என்றார். அந்த ஏற்பாடு இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆட்டத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்த நோட்டில் இதையும் எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட் பொருந்தியது. மார்ச் பதினாறாம் தேதியே பொருந்தியது. இருபத்திரண்டாம் தேதி நான் மேடத்திடம் கேட்டது சந்தேகம் இல்லை. வீட்டில் தகுதியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டேன். பயந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு துணிச்சல் வந்தபோது, அதைக் கைதட்டலோடு சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வடிவிடம் சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்.

ஜூன் 6, செவ்வாய்

பதினாறாம் நாள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு வடிவும் நானும் மட்டும் இருந்தோம். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த முதல் வாக்கியத்தை எடுத்தேன்.

"வடிவு, அந்த ரிப்போர்ட்டு..."

"அதயே நெனச்சுக்கிட்டு இருக்காதிய அத்தான்" என்றாள். "அவிய கடேசி வரைக்கும் அதத்தான் சொன்னாவ. எங்க அண்ணன் பயந்தாங்கொள்ளி, ஊசிக்கே மயங்கி விழுவான், ஆனா எனக்காக மதுர வரைக்கும் போயி அத்தன குத்தும் வாங்கிட்டு வந்திருக்கான் பாருன்னு. பொருந்தலன்னு தெரிஞ்ச அன்னைக்கு அவியளுக்கு அழுகையே வரல தெரியுமா? பாவம், அண்ணந்தான் ஒடஞ்சு போயிருவான்னாவ."



அவள் பாயை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. எனக்காகச் சொல்லுங்க. பொருந்தியிருந்தா குடுத்திருப்பியள்லா?"

கேட்கும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தேகம் இல்லை. பதினாறு நாளாக அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான் என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன இருக்கும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொண்டது அவளுக்காகவா எனக்காகவா என்று இப்போது எழுதும்போதும் தெரியவில்லை.

"குடுத்திருப்பேன்" என்றேன்.

வடிவு தலையாட்டினாள். "எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காப்பி போட எழுந்து போனாள்.